ஸ்கிரிப்ட்.பின்: ஆல்வின்னர் போர்டுகளின் தொடக்க அமைவுக் கோப்பை எடுப்பதும் படிப்பதும்

2012 மே மாதம் எம்கே802 என்ற சாதனம் விற்பனைக்கு வந்தது. பென் டிரைவை விடச் சற்றே பெரிய அந்தக் கணினிக்குள் சீனாவின் ஜுஹாய் நகரத்து ஆல்வின்னர் நிறுவனம் வடிவமைத்த ஏ10 சிப் இருந்தது. அந்தக் காலத்தில் அதே சிப்பை வைத்து மெலே ஏ1000 என்ற டிவி பெட்டியும், கியூபிபோர்டு என்ற சிறு போர்டும், உற்பத்தியாளர் பெயரே தெரியாத ஏராளமான டேப்லெட்டுகளும் சந்தையில் இருந்தன. இவற்றில் ஓடிய லினக்ஸ் கர்னல் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒன்றில் தொடுதிரை உண்டு, இன்னொன்றில் எச்டிஎம்ஐ மட்டுமே. ஒன்றில் பேட்டரி, மற்றதில் ஈதர்நெட். எந்தச் சாதனத்தில் தான் இருக்கிறோம் என்று கர்னலுக்குச் சொன்னது 64 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும் ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் ஸ்கிரிப்ட்.பின்.

உற்பத்தியாளர் கைவிட்ட சாதனத்தில் புதிய இயங்குதளம் ஏற்ற விரும்புகிறவர் முதலில் தேடுவது இந்தக் கோப்பைத்தான். அதை வெளியே எடுப்பது எளிது. எடுத்த கோப்பு சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கடினமான கேள்வி. அந்தக் கோப்பில் போர்டைப் பற்றிய செய்தியோடு, அதைப் படிக்கப்போகும் நிரலின் எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பழைய போர்டுக்குப் புதிய கர்னலை ஒழுங்காகத் தயார் செய்ய முடியும். இந்தக் கட்டுரை ஆராய்வது அந்தப் பிரிப்பைத்தான்.

தன்னை அறிவிக்காத வன்பொருள்

மேசைக் கணினியில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. பிசிஐ, யுஎஸ்பி போன்ற இணைப்புகளில் செருகப்படும் ஒவ்வொரு கருவியும் தன்னைத் தயாரித்தவர் யார், தான் என்ன வகை என்பதை எண்களாக அறிவித்துவிடும். அப்படி அறிவிக்காதவற்றை, 1996-இல் அறிமுகமான ஏசிபிஐ முறைப்படி, தாய்ப்பலகையிலுள்ள ஃபர்ம்வேர் பட்டியலிட்டுக் கொடுத்துவிடும். அதனால் ஒரு கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் லினக்ஸ் பெரும்பாலும் எழுந்துவிடும்.

ஆர்ம் சிப் வைத்த சிறு போர்டுகளில் நிலைமை வேறு. ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் ஒரு தொடுதிரைச் சிப் தொங்கிக்கொண்டிருந்தால், அது எந்த முகவரியில் இருக்கிறது, விரல் பட்டதும் மையச் சிப்பின் எந்தக் காலுக்குத் தகவல் அனுப்பும் என்பதை யாராவது முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும். சிப்பின் ஒரு கால் பல வேலைகளுக்குப் பொதுவாக இருக்கும். எந்த வேலைக்கு அதைக் கம்பியிழுத்தார்கள் என்பது போர்டை வரைந்தவருக்கு மட்டுமே தெரியும்.

முதலில் இந்தத் தகவலைக் கர்னலின் மூல நிரலுக்குள்ளேயே சி மொழியில் எழுதினார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு கோப்பு, ஒரு பதிவு எண். போர்டுகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் இந்த முறை மூச்சுத் திணறியது. 2011 மார்ச்சில் லைனஸ் டார்வால்ட்ஸ் ஆர்ம் பகுதியின் குழப்பத்தைக் கடுமையான சொற்களில் கண்டித்தார். அதன் பிறகு ஆர்ம் கர்னல் டிவைஸ் ட்ரீ முறையை நோக்கி வேகமாக நகர்ந்தது. வன்பொருளைக் கிளைகளும் உட்கிளைகளுமாக விவரிக்கும் ஏற்பாடு அது. 1994-இல் ஐஈஈஈ 1275 என்ற தரநிலையாக வந்த ஓப்பன் ஃபர்ம்வேரில் அதன் வேர் இருக்கிறது. பவர்பிசி கணினிகள் வழியாக லினக்ஸுக்குள் வந்தது.

ஆல்வின்னர் அதற்குக் காத்திருக்கவில்லை. தன் சிப்பை வாங்கும் சிறு தொழிற்சாலைகளுக்கு வேறொரு வழியைத் தானே உருவாக்கிக் கொடுத்தது.

ஃபெக்ஸ் என்ற ஏற்பாடு

அந்த வழியின் பெயர் ஃபெக்ஸ். பழைய விண்டோஸின் ஐஎன்ஐ கோப்பைப் போன்ற எளிய உரைக் கோப்பு. சதுர அடைப்புக்குறிக்குள் பகுதியின் பெயர், அதன் கீழே வரிக்கு ஒன்றாகப் பெயரும் மதிப்பும். சீரியல் இணைப்புக்கான பகுதி இப்படி இருக்கும்:

[யுஆர்ட்_பாரா]
யுஆர்ட்_டிபக்_போர்ட் = 0
யுஆர்ட்_டிபக்_டிஎக்ஸ் = போர்ட்:பிபி22<2><1><டிஃபால்ட்><டிஃபால்ட்>

மூன்றாவது வரியில்தான் செய்தி அடர்த்தியாக இருக்கிறது. சிப்பின் ‘பி’ வரிசையில் 22-ஆம் கால். அந்தக் காலின் பல வேலைகளில் 2-ஆவது, அதாவது சீரியல் இணைப்பு. உள்ளிருக்கும் மின்தடையை மேல்நோக்கி இழுக்கும்படி வை. மின்னோட்ட வலிமையையும் தொடக்க மதிப்பையும் இருந்தபடியே விடு.

கர்னலைத் தொகுக்கத் தெரியாத ஒருவரும் இதைத் திருத்தலாம். வேறொரு திரை மலிவாகக் கிடைத்தால் சில வரிகளை மாற்றினால் போதும், நிரலாளரைத் தேட வேண்டியதில்லை. ஏ10 சிப் வைத்த எல்லாச் சாதனங்களும் கர்னலின் கண்ணில் ஒரே பதிவு எண்ணுக்குள் அடங்கின. வேறுபாடுகள் எல்லாம் இந்தக் கோப்புக்குள் போயின. மலிவு டேப்லெட்டுகள் அவ்வளவு வேகமாகப் பெருகியதற்கு இந்த ஏற்பாடும் துணைநின்றது.

உரைக் கோப்பு அப்படியே சாதனத்துக்குள் போவதில்லை. ஸ்கிரிப்ட்.பின் என்ற பைனரியாக மாற்றப்படுகிறது. அதன் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பகுதிகள் என்ற எண்ணும், பதிப்பு எண் போன்ற விவரங்களும் இருக்கும். அடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் 32 பைட்டில் பெயர், உள்ளிருக்கும் வரிகளின் எண்ணிக்கை, அவை தொடங்கும் இடம். ஒவ்வொரு வரிக்கும் அதேபோல 32 பைட்டில் பெயர், மதிப்பு இருக்கும் இடம், மதிப்பின் வகை. ஒற்றை எண், எழுத்துச் சரம், பல எண்கள், சிப்பின் கால், வெறுமை என்று வகைகள் ஐந்து. ஒரு காலைக் குறிக்க ஆறு எண்கள் வேண்டும்: வரிசை, கால் எண், வேலை, இழுவை, வலிமை, தொடக்க மதிப்பு. பெயர்கள் அப்படியே பைனரிக்குள் தங்கிவிடுவதால்தான் இதைத் திரும்ப உரையாக்க முடிகிறது. போவது இரண்டு: எழுதியவர் இட்ட குறிப்புரைகள், எண்களைப் பத்தடிமானத்தில் எழுதினாரா பதினாறடிமானத்தில் எழுதினாரா என்ற தகவல்.

கோப்பு எந்த நேரத்தில் படிக்கப்படுகிறது

கோப்பை எடுப்பதற்குமுன் அது எங்கே இருக்கிறது, எப்போது படிக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏ10-க்கு மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்த சிறு நிரல் ஓடுகிறது. அது முதலில் எஸ்டி அட்டையின் 8-ஆவது கிலோபைட்டில் ‘ஈகான்.பிடி0’ என்ற அடையாளத்தைத் தேடும். இல்லையென்றால் நாண்ட் நினைவகம், பிறகு இரண்டாவது அட்டை இணைப்பு, பிறகு எஸ்பிஐ ஃபிளாஷ். எதிலும் கிடைக்காவிட்டால் ஃபெல் என்ற நிலைக்குப் போய் யுஎஸ்பி வழியாகக் கட்டளைக்குக் காத்திருக்கும். எஸ்டி அட்டைக்கு முன்னுரிமை இருப்பதால், நாண்டில் என்ன கெடுதல் நேர்ந்தாலும் ஒரு நல்ல அட்டையைச் செருகிச் சாதனத்தை எழுப்பிவிடலாம்.

அடையாளத்தோடு கிடைக்கும் முதல் நிரலின் தலையாய வேலை டிராம் நினைவகத்தை இயக்குவது. அதற்குப் பின் வரும் பூட்லோடர் ஸ்கிரிப்ட்.பின்னை டிராமில் ஏற்றும். ஏ10-இல் டிராம் பதினாறடிமானத்தில் 40000000 என்ற முகவரியில் தொடங்குகிறது. கோப்பு ஏறும் இடம் 43000000, அதாவது தொடக்கத்திலிருந்து 48 மெகாபைட் தள்ளி. அதன் பிறகே கர்னல் எழுந்து அங்கிருந்து படிக்கும்.

இந்த வரிசையில் ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருக்கிறது. டிராம் இயங்கிய பிறகே ஸ்கிரிப்ட்.பின் டிராமுக்குள் வருகிறது. ஆகவே அந்தக் கோப்பில் உள்ள டிராம் அமைவுகளை வைத்து டிராம் இயக்கப்பட்டிருக்க முடியாது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

எடுக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்திலிருந்து நேரடியாக எடுப்பது. நாண்டின் முதல் பிரிவு நாண்ட்ஏ என்று அழைக்கப்படும். அது சாதாரண ஃபேட் வடிவத்தில் இருக்கும். ஏடிபி கருவி வழியாக உள்ளே போய், ரூட் அனுமதியோடு அந்தப் பிரிவை மவுண்ட் செய்தால் ஸ்கிரிப்ட்.பின் கண்ணில் படும். கணினிக்குப் பிரதியெடுத்து, சன்ஷி-டூல்ஸ் தொகுப்பிலுள்ள பின்2ஃபெக்ஸ் கருவியிடம் கொடுத்தால் உரைக் கோப்பு கிடைத்துவிடும். இந்தத் தொகுப்பை உருவாக்கியது லினக்ஸ்-சன்ஷி என்ற தன்னார்வக் குழு.

இரண்டாவது வழி, ஓடும் கர்னலின் நினைவகத்திலிருந்து எடுப்பது. ஆல்வின்னரின் பழைய கர்னல் 43000000-இல் 64 கிலோபைட்டை இதற்கென்றே ஒதுக்கிவைத்திருந்தது. நினைவகத்தை நேரடியாகப் படிக்க அனுமதி இருந்தால் அந்தத் துண்டை அப்படியே வெட்டியெடுக்கலாம். பூட்லோடர் உண்மையில் எந்தக் கோப்பை ஏற்றியது என்ற ஐயம் இருக்கும்போது இந்த வழிதான் நம்பகமானது.

மூன்றாவது வழி, உற்பத்தியாளர் வெளியிட்ட ஃபர்ம்வேர் தொகுப்பைப் பிரிப்பது. லைவ்சூட் கருவியால் ஏற்றப்படும் அந்தத் தொகுப்புக்குள் தொழிற்சாலையின் மூல உரைக் கோப்பே சில சமயம் குறிப்புரைகளோடு கிடைத்துவிடும். பைனரியிலிருந்து திரும்ப எடுத்ததை விட அது மதிப்பு மிக்கது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தத் தொகுப்புக்குள் கர்னல், கோப்பமைப்பு உட்பட ஏறத்தாழ எல்லாத் துண்டுகளுக்கும் ஃபெக்ஸ் என்ற பின்னொட்டே இருக்கும். பெயரை வைத்து எது உரை என்று முடிவு செய்ய முடியாது. தவிர, இணையத்தில் கிடைக்கும் தொகுப்பு கையிலிருக்கும் சாதனத்தின் அதே போர்டுப் பதிப்புக்கு உரியது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

மூன்று பகுதிகள், மூன்று எச்சரிக்கைகள்

எடுத்த கோப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது தயாரிப்பின் பெயருக்கான பகுதி. பல கோப்புகளில் அங்கே ‘ஈவிபி’ என்று மட்டும் இருக்கும். அது ஆல்வின்னரின் சொந்த மாதிரிப் போர்டின் பெயர். தொழிற்சாலைகள் மாதிரிப் போர்டின் கோப்பை எடுத்து, தங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும் மாற்றின. மற்றவை அப்படியே தங்கின. ஆகவே ஒரு பகுதி ‘பயன்பாட்டில்’ என்று குறிக்கப்பட்டிருப்பதால் மட்டும் அந்தக் கருவி போர்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்டைத் திருப்பிப் பார்த்து, சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்து உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து, திரைக்கான பகுதி. 800 புள்ளி அகலமும் 480 வரி உயரமும் உள்ள ஏழு அங்குலத் திரைக்கு ஏ10 காலத்துக் கோப்புகளில் பரவலாகக் காணப்படும் மதிப்புகள் இவை: புள்ளிக் கடிகாரம் 33 மெகாஹெர்ட்ஸ், கிடைமட்ட மொத்தம் 1055, செங்குத்து மொத்தம் 1050. இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால் கணக்கு உதைக்கிறது. 33,000,000-ஐ 1055-ஆலும் 1050-ஆலும் வகுத்தால் நொடிக்கு 29.8 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். இப்படிப்பட்ட திரைகள் நொடிக்கு 60 முறையை ஒட்டி ஓட வேண்டியவை. விடை என்னவென்றால், அந்தச் செங்குத்து மொத்தம் இரட்டிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. உண்மையான மதிப்பு 525. அதை வைத்து வகுத்தால் 59.6 வருகிறது. 525-இலிருந்து 480 வரியையும், மேல் இடைவெளி 23-ஐயும் கழித்தால் கீழ் இடைவெளி 22. இது அந்த வகைத் திரைகளின் வழக்கமான மதிப்போடு பொருந்துகிறது. இந்த இரட்டிப்பு ஆல்வின்னரின் திரை நிரல் கேட்ட வடிவம். திரையில் 1050 வரிகள் எங்கும் இல்லை.

மூன்றாவது, டிராம். கடிகார வேகம், அகலம், மின்தடைச் சீரமைப்பு எண், கால இடைவெளி எண்கள் என்று இந்தப் பகுதி நீளும். புதிய பூட்லோடருக்கு மிகவும் தேவையானவை இவைதாம். ஆனால் டிராமை இயக்கிய முதல் நிரல் தன் தலைப்பகுதியில் இந்த எண்களின் தனிப் பிரதியை வைத்திருக்கிறது. ஃபர்ம்வேரைத் தொகுக்கும்போதே அது பதிக்கப்படுகிறது. ஸ்கிரிப்ட்.பின்னில் இருப்பது இன்னொரு பிரதி. இரண்டும் ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தானாகக் கண்டறியும்படி விடப்பட்ட மதிப்புகள் இயங்கும்போது வேறாகவும் மாறியிருக்கலாம். இதற்காகவே ஏ10-மெம்இன்ஃபோ என்ற சிறு கருவி எழுதப்பட்டது. சாதனம் ஓடிக்கொண்டிருக்கையில் டிராம் கட்டுப்பாட்டுப் பதிவகங்களையே படித்து, அந்த நேரத்தில் உண்மையில் எந்த எண்கள் செயலில் இருக்கின்றன என்று அது சொல்லிவிடும். கோப்பு சொல்வதும் பதிவகம் சொல்வதும் முரண்பட்டால் பதிவகத்தையே ஏற்க வேண்டும்.

திருத்திப் பொருத்துதல்

பழைய ஆல்வின்னர் கர்னலையே தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் வேலை சுருக்கமானது. உரைக் கோப்பில் தேவையானதை மாற்றி, ஃபெக்ஸ்2பின் கருவியால் பைனரியாக்கி, எஸ்டி அட்டையின் பூட் பிரிவில் வைக்க வேண்டும். யு-பூட் என்ற பூட்லோடர் படிக்கும் தொடக்கக் கட்டளைக் கோப்பில் ஸ்கிரிப்ட்.பின்னை 43000000-இல் ஏற்று, கர்னலை 48000000-இல் ஏற்று, பிறகு இயக்கு என்று மூன்று வரிகள் இருந்தால் போதும். திருத்துவதற்குமுன் மாற்றமில்லாத கோப்பையே ஒருமுறை உரையாக்கித் திரும்பப் பைனரியாக்கி, சாதனம் எழுகிறதா என்று சோதிப்பது நல்லது. அப்போதுதான் பின்னால் வரும் கோளாறு தன் திருத்தத்தால் வந்ததா கருவியால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். சீரியல் இணைப்பும் கட்டாயம் வேண்டும். திரை அமைவு தவறானால் திரையே அதைச் சொல்லாது. டேப்லெட்டில் சீரியல் கால்கள் வெளியே இல்லாவிட்டால், எஸ்டி அட்டைக் குழியின் இரு கால்களையே சீரியலாக மாற்றும் வசதி ஆல்வின்னர் சிப்புகளில் உண்டு.

கவனமாகத் தொட வேண்டியவை மின்னழுத்த வரிகள். ஏ10 போர்டுகளில் மின் பகிர்வை ஏஎக்ஸ்பி209 என்ற துணைச் சிப் பார்த்துக்கொள்கிறது. ‘டிசிடிசி2_வோல் = 1400’ என்றால் மையச் செயலிக்கு 1.4 வோல்ட் கொடு என்று பொருள். வேகத்துக்காக இங்கே எண்ணைக் கூட்டினால் சிப் சூடேறிக் கெடலாம். டிராம் வேகத்தைக் கூட்டினால் வரும் கெடுதி இன்னும் வஞ்சகமானது. சாதனம் எழும், ஓடும், பிறகு எப்போதோ ஒரு கோப்பு சிதையும். லிமா-மெம்டெஸ்டர் போன்ற கருவி வரைகலைச் செயலியையும் நினைவகத்தையும் ஒரே நேரத்தில் வருத்திப் பார்த்த பின்னரே அந்த எண்ணை ஏற்க வேண்டும்.

டிவைஸ் ட்ரீக்கு மாற்றும்போது

2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8 முதல் ஆல்வின்னர் சிப்புகள் பொதுக் கர்னலுக்குள் வரத் தொடங்கின. யு-பூட்டின் பொது வெளியீட்டில் 2014.07 பதிப்பில் வந்தன. அங்கே ஃபெக்ஸுக்கு இடமில்லை. டிவைஸ் ட்ரீ மட்டுமே. அந்த ஆண்டுகளில் இது விவாதத்துக்கு உள்ளானது. லட்சக்கணக்கான சாதனங்களில் ஏற்கனவே ஓடும் எளிய ஏற்பாட்டை ஏன் ஒதுக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் மாற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டின் வேறுபாடு தெளிவாகிவிடுகிறது.

எஸ்டி அட்டை செருகப்பட்டதா என்று கண்டறியும் காலை எடுத்துக்கொள்வோம். ஃபெக்ஸில் அது ‘பிஹெச்1’. ஸ்கிரிப்ட்.பின்னுக்குள் ‘ஏ’ வரிசை 1 என்று எண்ணப்படுவதால் ‘ஹெச்’ 8 ஆகிறது. டிவைஸ் ட்ரீயில் ‘ஏ’ 0, ‘ஹெச்’ 7. பைனரியை நேரடியாகப் படித்து மாற்றுகிறவர் இங்கே ஒரு வரிசை தவறிவிடுவார். அதோடு, அட்டை உள்ளே இருக்கும்போது அந்தக் கால் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்குமா உயர்ந்ததில் இருக்குமா என்று டிவைஸ் ட்ரீ வெளிப்படையாகக் கேட்கிறது. ஃபெக்ஸ் அதைச் சொல்வதில்லை. ஆல்வின்னரின் நிரலுக்கு அது ஏற்கனவே தெரியும். ஃபெக்ஸில் இல்லாத இந்தத் தகவலைச் சுற்றுப் படத்திலிருந்தோ அளந்து பார்த்தோதான் பெற வேண்டும்.

மின்னழுத்தத்திலும் இதே கதை. ஃபெக்ஸில் 1400 மில்லிவோல்ட் என்று ஒற்றை எண். டிவைஸ் ட்ரீயில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரு எல்லைகள், அதுவும் மைக்ரோவோல்ட்டில். முன்னது நிரலுக்கு இடும் கட்டளை. பின்னது போர்டு தாங்கும் வரம்பைப் பற்றிய கூற்று. அந்த வரம்புக்குள் எதைத் தேர்வது என்பது கர்னலின் பொறுப்பு.

எனவே ஃபெக்ஸை வரிக்கு வரி டிவைஸ் ட்ரீயாக மாற்றித் தரும் கருவியை மட்டும் நம்பியிருக்க முடியாது. கால்கள், முகவரிகள், இணைப்புகள் ஆகியவை போர்டைப் பற்றிய உண்மைகள். அவற்றை எண்முறை மாற்றத்தோடு எடுத்துக்கொள்ளலாம். இரட்டித்த செங்குத்து மொத்தம் போன்றவை பழைய நிரலின் வழக்கங்கள். கணக்கிட்டுத் திருத்த வேண்டும். மாதிரிப் போர்டிலிருந்து ஒட்டிவந்தவற்றை நீக்க வேண்டும். அட்டையைக் கண்டறியும் காலின் மின்னழுத்த நிலை போன்ற விடுபட்டவற்றைப் போர்டிலேயே தேடிச் சேர்க்க வேண்டும்.

ஃபெக்ஸ் முற்றிலும் மறையவும் இல்லை. 64 பிட் ஏ64 சிப்பின் காலத்தில் ஆல்வின்னர் டிவைஸ் ட்ரீக்கு மாறியபோதும், தொழிற்சாலைகளுக்குப் பழகிய உரைக் கோப்பை விடவில்லை. தொகுக்கும்போது அதன் மதிப்புகளை டிவைஸ் ட்ரீக்குள் கலந்துவிடும் ஏற்பாட்டைச் செய்தது. திருத்துகிறவருக்கு எளிமையும் கர்னலுக்கு முழு விவரிப்பும் தனித்தனித் தேவைகள் என்பதை இது காட்டுகிறது.

பிரதியெடுத்த பிறகே அழிக்க வேண்டும்

லினக்ஸ்-சன்ஷி குழுவினர் பலரிடமிருந்து சேர்ந்த ஃபெக்ஸ் கோப்புகளை சன்ஷி-போர்ட்ஸ் என்ற பொதுத் தொகுப்பில் வைத்தார்கள். பொதுக் கர்னலில் இன்று கியூபிபோர்டு, மெலே ஏ1000, எம்கே802 ஆகியவற்றுக்கு டிவைஸ் ட்ரீ கோப்புகள் இருக்கின்றன. விற்பனை நின்ற பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சாதனங்களில் புதிய கர்னல் ஓட அதுதான் காரணம். பெயரில்லாத டேப்லெட்டுகளில் விவரிப்பு வெளிவராமல் போனவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிப் ஒன்றே, திறன் ஒன்றே; இல்லாமல் போனது ஒரு சிறு கோப்பு மட்டும்.

இப்படிப்பட்ட சாதனம் கையில் கிடைத்தவர்கள் வழக்கமாக முதலில் செய்வது நாண்டை அழித்துப் புதிய இயங்குதளம் ஏற்றுவது. உற்பத்தியாளர் ஃபர்ம்வேரை வெளியிடாதவராக இருந்தால், அந்த ஒரு செயலோடு போர்டைப் பற்றிய எழுத்துப்பூர்வமான ஒரே சான்றும் போய்விடும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் நாண்ட்ஏ பிரிவின் முழுப் பிரதி, அடுத்து ஓடும் சாதனத்தின் டிராம் பதிவகங்கள், பிறகு போர்டின் இரு பக்கத்துத் தெளிவான படங்கள். இவை மூன்றும் பத்திரமான பின்னரே அழிப்பு. எடுத்த கோப்பில் எது போர்டின் உண்மை, எது பழைய நிரலின் வழக்கம் என்ற ஆராய்ச்சியை அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.